ஊசிக்கு மேலே அப்பாவின் கை

ஒஸ்லோவின் குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பழம்பொருள் சந்தையில் இன்று ஓர் இசைத்தட்டின் உறையை முகர்ந்து பார்த்தேன். ஈர மட்டையும் பழைய பசையும் கலந்த மணம். பின்னாளில் கன்ட்ரி இசைப் பாடகராகப் பெயரெடுத்த ஓர் அமெரிக்கர், இளவயதில் கிட்டாருடன் தனியே பாடிய புளூஸ் பாடல்கள்.

அதே தட்டை, என் சின்ன வயதில், பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில், இன்று சுவர் இடிக்கப்பட்டு அடுத்த வீட்டோடு சேர்ந்துவிட்ட எங்கள் வரவேற்பறையில், அப்பா சனிக்கிழமைகளில் போடுவார். அப்போது இலங்கையில், எங்கள் ஊரில், சண்டை. அம்மாவின் தம்பி, சண்டைக்குள்ளிருந்து எப்படியாவது வவுனியாவுக்கு வந்துசேர்ந்தால், ஒரு சனிக்கிழமை தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மணி கேட்கவேண்டும் என்பதால் பாடகரின் சொற்கள் விளங்காத அளவுக்குத் தட்டு மெல்லிய சத்தத்தில்தான் பாடும். கம்பியில் விரல் வழுக்கும் ஓசையும் ஹீட்டரின் முனகலும்தான் கேட்கும். அம்மா தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறக்கமாட்டார். அப்பாவின் கை ஊசிக்கு மேலேயே நிற்கும், மேல்வீட்டில் தொலைபேசி மணி அடித்தாலும் ஊசியைத் தூக்கிவிடும்.

"உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோவன்," என்பார் அம்மா.

"இவனும் ஆரையோ வழி பாத்துக்கொண்டுதானப்பா பாடுறான்," என்பார் அப்பா.

ஒரு சனிக்கிழமை எங்கள் மணியே அடித்தது. மாமாவின் குரல் எனக்கும் கேட்டது: "அக்கா, வந்திட்டன். என்ன சமையல்?" அம்மா வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அப்பா முதன்முறையாகச் சத்தத்தைக் கூட்டினார். கரகரத்த அந்தக் குரல் அறையை நிறைத்தது. பாட்டு முடியுமுன்னே அம்மா கண்ணைத் துடைத்தபடி எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

"அவன் திருப்பி எடுத்தாலும் எடுப்பான்."