மாப்பிள்ளைக்கு ஒரு பழைய வாட்ச்

என் தங்கையைக் கட்டிக்கொள்ள இருந்தவர் தங்கமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். சிங்கப்பூரில் வேலை, தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்றும் மூஞ்சியைச் சுளிக்காத குணம், குடிப்பழக்கம் கிடையாது. ஒரே ஒரு குறை, என் அம்மாவை அவர் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு அது காலில் முள் தைத்தது மாதிரி.

"பேங்க்ல கவுண்டர்ல இருக்கிற பொண்ணும் என்னைய ஆன்ட்டிங்குது, இவரும் ஆன்ட்டிங்கிறாரு. அத்தைன்னு ஒரு வார்த்த வாயில வராதா?" என்று பாலத்துக்கு இக்கரையில், தெப்ராவிலுள்ள எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று புலம்புவார். தங்கை சிரித்து மழுப்பிவிடுவாள்.

எங்கள் குடும்பத்தில் வரவேற்பு மேடையில் பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிட வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள். இந்த வழக்கம் எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் ஃபாதர் மந்திரித்த மோதிரத்தைவிட மச்சான் கட்டும் வாட்ச்சுக்குத்தான் சித்தப்பாமார் எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாட்ச்சைப் பார்த்த மகிழ்ச்சியில் மாப்பிள்ளை தன்னை அத்தை என்று கூப்பிட்டுவிடுவார் என்று அம்மா உறுதியாக நம்பினார். "நல்லதா வாங்குடா. பாத்ததும் அவரு வாய் தானா தொறக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையிடமே கேட்டேன். "புதுசெல்லாம் வேணாம் லா மச்சான். வின்டேஜ் பீஸ் கெடைச்சா போதும்" என்றார். போதும் என்று அவர் சொன்ன விதத்தில் ஏதோ எளிமையான ஆசை என்று நினைத்துவிட்டேன்.

மூவார் பட்டணத்தில் பழைய வாட்ச் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல ஒரு சுவிஸ் வாட்ச்சைத் தூக்கி வைத்தார். கண்ணாடி ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தது.

"பாய், இது ஒடைஞ்சிருக்கே?"

"ஒடைசல் இல்லங்க, அது கேரக்டர்."

"மணி பிந்துதே?"

"அந்தக் காலத்து வாட்ச்சுங்க. நிதானமாத்தான் போகும். நம்மதான் அவசரப்படுறோம்."

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பெருமை வைத்திருந்தார். எங்கள் ஆபீசில் இவர் போல ஒருவர் இருந்தால் யாருக்கும் வேலை போகாது. நான் மயங்கித்தான் வாங்கினேன். இன்னொரு குறை கண்ணில் பட்டிருந்தால் விலை ஏறியிருக்கும்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"என்னடா இது, பழசா இருக்கு?"

"வின்டேஜ்ம்மா."

"அதத்தான நானும் சொல்றேன். யாரு கையில கெடந்தது?"

"யாரோ பெரிய மனுசன் வச்சிருந்தாராம்."

"உசுரோட இருக்காரா?"

கடையில் நான் கேட்காத ஒரே கேள்வி அதுதான். நான் விழித்ததைப் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. எங்கள் அம்மா பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பதை அந்த நேரம் பார்த்து மறந்துபோனேன்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், மாதா படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தட்டில் வாட்ச். வாட்ச்சின் மேல் குழைத்த மஞ்சள். செத்தவர் கை தோஷம் போக, கோயில் தீர்த்தத்தில் மஞ்சளைக் கரைத்து அப்பி வைத்திருக்கிறார். புதுச் சேலை என்றால் ஓரத்தில் ஒரு பொட்டு வைப்பார். இது பழசு என்பதால் தாராளமாகவே வைத்துவிட்டார். துடைத்துப் பார்த்தேன். விரிசல் வழியாக உள்ளே இறங்கி, வெள்ளை முகம் பாதி பழுப்பு மஞ்சளாகியிருந்தது. முள் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கெடுத்துட்டீங்களேம்மா!" என்று கத்தினேன். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தானடா செஞ்சேன்" என்றார். மூவாருக்குத் திரும்ப ஓட நேரமில்லை. கல்யாணம் மறுநாள்.

மேடையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். அம்மா மேடைக்குக் கீழே, சம்பந்தியம்மாவின் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்ற வார்த்தை இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. வாரைப் பூட்டினேன். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார்.

"மாப்ள, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை.

"அலமாக்! டிராப்பிக்கல் டயல்! மச்சான், எங்க புடிச்சீங்க?"

அவருடைய சிங்கப்பூர் நண்பர்கள் மேடையேறி வந்து போனில் விளக்கடித்துப் பார்த்தார்கள். வெயிலிலும் புழுக்கத்திலும் பல காலம் கிடந்தால்தான் முகம் இப்படிப் பழுக்குமாம். இதற்காகவே ஊர் ஊராக அலைகிறவர்கள் உண்டாம். ஒருவர் அந்தப் பழுப்பைத் தேன் நிறம் என்றார், இன்னொருவர் இல்லை, கேரமல் என்று வாதாடினார். பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் மேடையில் பெண்ணைப் பார்க்க ஆளில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மூவார் கடையில் நான் கற்றது வீண்போகவில்லை.

அம்மா மெதுவாக மேடையேறி வந்து என் தோளைத் தட்டினார். "என்னடா சொல்றாங்க?"

"கறை நல்லாருக்காம்."

அப்போதுதான் ஒரு நண்பர் மாப்பிள்ளையிடம் பயபக்தியோடு கேட்டார். "இந்தக் கலர் வர எத்தன வருசம் ஆகும் ப்ரோ?"

"ஒரு ராத்திரி போதும் தம்பி" என்றார் அம்மா. "மஞ்சள் மட்டும் நல்ல மஞ்சளா இருக்கணும்."

போன் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களா வச்சீங்க?"

"யாரு கையில கெடந்துச்சோ தம்பி. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல?" என்றார் அம்மா.

மாப்பிள்ளை வாட்ச்சைத் தடவினார். சட்டைக் கையை இழுத்து மூடிவிடுவார் என்று நினைத்தேன். மாறாக, மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வீட்டுல இன்னும் மூணு பழைய வாட்ச் இருக்கு" என்றார். "அதுவும் யாரு கையில கெடந்துச்சோ. கொண்டுவரவா, அத்த?"