மருந்தடித்த சாறன்

அந்த வருட நோன்பில் என் மனைவி ஒரு நாளும் விடவில்லை. பெண்களுக்கு மாதத்தில் சில நாள் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்டதைப் பெருநாள் கழிந்து கழாவாகப் பிடிப்பார்கள். அவளுக்குப் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அவளுடைய உம்மா, என் மாமி, அதை அயலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருநாளன்று நானும் சும்மா இருக்கவில்லை.

"சுவர்க்கத்துல ஒங்களுக்கு முன் வரிசைதான். வெளிய நிக்கிற என்னயும் ஒருக்கா எட்டிப் பாருங்க" என்றேன்.

வழக்கமாக இப்படிச் சொன்னால் அகப்பை பறந்து வரும். அன்று இனிப்பு வட்டிலாப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு பிள்ளை கிடைக்கும் என்று, மகளின் சின்னச் சட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் அலுமாரியில் அடுக்கி வைத்துக் காத்திருந்தாள். மாதக்குளிப்பு நின்றபோது பிள்ளைதான் என்று முதலில் சந்தோஷப்பட்டிருக்கிறாள். பிறகு இல்லை என்று தெரிந்திருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. மாரி மழையில் நான் போர்வைக்குள் நடுங்க, அவள் ஃபேனை முழு வேகத்தில் விட்டு வியர்த்துக் கிடந்தாள். மனிசிக்கு நம்மளக் கண்டாலே சூடு ஏறுது என்று வயல் வட்டையில் சொல்லிக் கூட்டாளிகளைச் சிரிக்க வைத்தேன். ஊரைச் சிரிக்க வைப்பதுதான் என் தொழில். வேளாண்மை பக்கத் தொழில்.

பெருநாள் கழிந்து அவள் வாய் திறந்தபின் கூட்டிப்போன கிளினிக்கில், பெண் டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சூலகம் வயதுக்கு முந்தி வேளைக்கே ஓய்ந்துவிட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன தொழில்?"

"வேளாண்மை, டொக்டர்."

"வயலுக்குப் பூச்சி மருந்தடிச்சிட்டு வாற உடுப்ப ஆர் கழுவுற?"

என் மனைவி வகுப்பில் பிள்ளை கையுயர்த்துவது போல மெதுவாகக் கையைத் தூக்கினாள். விரல் நகங்கள் மஞ்சளாயிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"இதாலதான் என்டு நான் எழுதித் தர மாட்டன்" என்றார் டொக்டர். "ஆனா இந்த நஞ்சுகள்ல சிலது உடம்புட ஹோர்மோனக் குழப்பும். பெண்களுக்கு வேளைக்கே நிக்கிறதுக்கும் காரணமா இரிக்கலாம்."

அந்த 'இரிக்கலாம்' என்ற சொல்லுக்குள் ஒரு மருந்துக் கொம்பனியே கதவைச் சாத்திக்கொண்டு சொகுசாகக் குடியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மருந்தடித்துவிட்டு வருகிறவன் கிணற்றடியில் இடுப்புச் சாறனையும் மேல் சேட்டையும் கழற்றிப் போட்டு, குளித்துச் சுத்தமாகிப் பள்ளிக்குத் தொழப் போய்விடுவான். அந்த உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாதென்று மனைவி அங்கேயே பிளாஸ்டிக் பேசினில் ஊறப்போட்டுக் கசக்குவாள். வாசிங் மெசின் உள்ள வீட்டிலும் இதைக் கையால்தான் கழுவுவார்கள். மெசினில் போட்டால் மணம் பிடித்துவிடுமாம். மெசினுக்குக் கிடைத்த மரியாதை எங்கள் வீட்டுப் பெண்களின் கைகளுக்குக் கிடைக்கவில்லை. போத்தலில் எச்சரிக்கை இல்லாமலில்லை. எறும்பு வாசிக்கிற அளவு எழுத்தில், எறும்புக்கும் விளங்காத வசனத்தில் இருந்தது.

வீட்டில் வேறு விசாரணை நடந்தது. மாமி, ஊர்க்கண் பட்ட கண்ணூறு என்றார். என் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே தொடங்கினார்.

"தம்பி, ரெண்டாவது கலியாணத்துக்கு மார்க்கத்துல அனுமதி இரிக்கி. ஒனக்கும் ஒரு ஆம்புளப் புள்ள வேணாமா?"

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மாப்பிள்ளை அங்கே போய் ஒட்டிக்கொள்பவன்.

"காக்கா, இந்த வீட்டுலயே என்னப் பொறுக்க ஏலாம இரிக்காங்க. ரெண்டாவது வீட்டுல நாயத்தான் அவிழ்த்து விடுவாங்க."

அவர் சிரித்தார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். எல்லாரும் அவளைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த மருந்து டேங்கை ஒருவரும் பார்க்கவில்லை.

பெரும்போக வேளாண்மையின் நடுவில் மருந்துக் கொம்பனி மண்டபத்தில் எங்களுக்குக் கூட்டம் வைத்தது. தொப்பி, டீசேட், கடைசியில் புரியாணி. ஒவ்வொரு முறையும் ரெண்டு வார்த்தை கதைக்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் சிரிக்க வைத்தால் கொம்பனிக்கு விற்பனை. இம்முறை கேள்வி கேட்கப் போகிறேன் என்றதும் மனைவி வாசலை மறித்தாள்.

"இஞ்சருங்க, என்ட உடம்ப அங்க கதைச்சுப் போடாதீங்க."

"ஒங்களப் பத்தி ஒரு சொல்லும் சொல்ல மாட்டன்."

சொல்லவில்லை. முதல்நாள் மருந்தடித்த சாறனையும் சேட்டையும் கழுவாமல் ஒரு பையில் கட்டிக்கொண்டு போனேன். பேசக் கூப்பிட்டதும் மேடையேறி, கொம்பனி அலுவலரின் முன்னால் பையை நீட்டினேன்.

"சேர், இத உங்கட வீட்டுல குடுத்துக் கையால கசக்கித் தரச் சொல்லுங்க. நாளைக்கு வந்து எடுக்கன்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "அடிச்சான் பாரு!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினான். அலுவலரும் சிரித்தார், அவருடைய கை மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய பையைக் கண்டு அது முதுகுக்குப் பின்னால் போனது. நான் இன்னும் கிட்டப் போனேன். பை அவருடைய முழங்கையில் பட்டது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கையில் அவர் இறங்கி, புரியாணி வரிசையையும் தாண்டி, பைப்படிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கழுவத் தெரிந்த மனிதனுக்குச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சிறந்த பேச்சுக்கென்று எனக்கு ஒரு டீசேட் தந்தார்கள். நான் புரியாணியை விட்டுவிட்டு வந்தேன் என்றால் ஊர் நம்பாது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"முழங்கை வரைக்குமா?" என்றாள்.

"ஓம். முழங்கை வரைக்கும்."

தன் மஞ்சள் நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எனக்குக் கண்ணூறு ஒண்டுமில்ல" என்றாள்.

அன்று கையுறை வாங்கி வந்து சாறனை நானே கழுவினேன். கழுவி முடிய, மருந்து நுரைத் தண்ணீரோடு பேசினைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் கிணறு. அந்தப் பக்கம் மாமியின் கீரைப்பாத்தி. முன்னால் பிள்ளைகள் விளையாடும் ஒழுங்கை. மூன்று பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"ஊத்த இடம் தேடுறீங்களாக்கும். இவ்வளவு வருஷமும் நான் எங்க ஊத்தின என்டு ஒருக்காலும் கேக்கல்லியே."

பேசின் கனத்தது. கீழே வைக்கவும் பயமாக இருந்தது.