பதினான்காம் வரியில் தாய்மாமன்

1. காலை 5.10. பூக்காரர் வந்துவிட்டார். என் அட்டவணையில் அவருக்கு 5.30. இருபது நிமிடம் லாபம். மண்டபத்தின் பின்பக்கம் போய், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒருமுறை குதித்தேன்.

2. 6.00. மேடையின் பின்திரை ஏறியது. அதில் இருந்த மயில் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது.

3. 7.15. இட்லி தயார். முதல் பந்தியில் மேளக்காரர்கள் நான்கு பேர். எத்தனை சாப்பிட்டார்கள் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் மரியாதை கருதி விட்டுவிட்டேன்.

4. 8.20. வாசலில் கட்டியிருந்த பலூன் வளைவு வெயில் பட்டு ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கியது. காது குத்திக்கொள்ளப் போகிற மூன்று வயதுக் குட்டிப் பெண், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டினாள்.

5. 8.45. எங்கள் கல்லூரி மேடம் வந்தார். கையில் மதிப்பெண் தாள். பேனா மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.

6. 8.50. அப்பா வந்தார். மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

7. 9.00. வரி எண் 14: ‘தாய்மாமன் குடும்பத்தார் வருகை’. வரவில்லை.

8. 9.20. போன் செய்தேன். “வந்துக்கிட்டே இருக்கறமுங்க அம்மிணி” என்றார் தாய்மாமன்.

9. 9.35. மறுபடியும் போன் செய்தேன். அதே பதில். எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டேன். “அது எங்க கையில இல்லீங்களே” என்றார். போக்குவரத்து நெரிசல் என்று எழுதிக்கொண்டேன்.

10. 9.45. காது குத்த வந்திருந்த ஆசாரி மூன்றாவது டீயைக் குடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏஞ்சாமி, மாமன் வண்டியில வாராருங்களா, இல்ல உருண்டு வாராருங்களா?”

அழைப்பிதழில் ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் என்று அச்சடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டார்கள். அந்தக் குழந்தையின் காதோடு சேர்த்து என் ஒரு வருடமும் அந்த மடிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

நான் முதலில் படித்தது சிவில் என்ஜினீயரிங். பாலம், சாலை, கான்கிரீட். அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் கட்டுமானத் திட்டமிடல். எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று கட்டம் கட்டமாக வரைவது. மற்றவர்கள் அந்தப் பாடத்தில் தூங்குவார்கள். எனக்கு மட்டும் தலை கிறுகிறுக்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருக்கும். கடைசி வருடம் ஓர் உறவினர் கல்யாணத்துக்குப் போய், அங்கே கை கழுவும் இடத்தில் கூட்டம் ஏன் தேங்குகிறது என்று துணிக்கடைப் பையின் பின்புறத்தில் கணக்குப் போட்டபோதுதான், எனக்கு வேண்டியது பாலம் இல்லை என்று தெரிந்தது.

சேலத்தில் ஒரு கல்லூரியில் நிகழ்ச்சித் திட்டமிடலுக்கு ஒரு வருடப் பட்டயப் படிப்பு இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். மோகனூரில் எங்களுக்குக் கரும்பு. அன்று வெட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள். வயலில் நின்றபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரோடு போடப் படிச்சுப்போட்டு இப்பப் பந்தல் போடப் போறயா?”

“பந்தல் போடறதில்லீங்க. பந்தல் எப்பப் போடோணும்னு சொல்றது.”

“அதச் சொல்றதுக்கு ஒரு காலேஜு.”

கடைசியில் ஒரு வருடம் தந்தார். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால், பொதுப்பணித் துறைத் தேர்வுக்கு உட்கார வேண்டும். விண்ணப்பத்தை அப்போதே வாங்கி மேசை மேல் வைத்துவிட்டார்.

அந்த ஒரு வருடத்தைப் போல நான் எதையும் படித்ததில்லை. ஐந்நூறு பேருக்கு எத்தனை குழாய், எத்தனை செருப்பு வைக்கும் அடுக்கு, ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் கணக்கு இருந்தது. வகுப்பிலேயே பொய்க் கல்யாணம் நடத்துவோம். மாப்பிள்ளைக்கு ஆள் கிடைக்காமல் ஒரு முறை தண்ணீர் கேனுக்கு மாலை போட்டோம். ஜலகண்டாபுரத்தில் இருந்து வந்த என் தோழி அந்தக் கேனுக்கு அருகே மணப்பெண்ணாக உட்கார்ந்து, வெட்கப்பட்டுக் காட்டினாள். மேடம் உட்பட யாராலும் அரை மணி நேரம் பாடம் நடத்த முடியவில்லை.

ஆண்டு முடிவில் செய்முறைத் தேர்வு. உண்மையான ஒரு குடும்பத்தின் உண்மையான ஒரு நிகழ்ச்சியை நடத்திக் காட்ட வேண்டும். எழுபத்தைந்துக்கு மேல் எடுத்தவர்களை மட்டும் மேடம் சேலத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் பரிந்துரைப்பார். எனக்குக் கிடைத்தது நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஓர் அக்காவின் மகள் காதுகுத்து. மோகனூர் சாலையில் மண்டபம். அக்காவின் அண்ணன்தான் தாய்மாமன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ராய்ப்பூர்ப் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்தவர், மருமகளின் காதுக்காக வண்டியை ஆட்களிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தார்.

நான் நாற்பத்தொரு வரி அட்டவணை தயாரித்தேன். அச்செடுத்து மண்டபத்தின் ஆறு கதவுகளிலும் ஒட்டினேன். முந்தின நாள் மாலை அக்காவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து, மிக நிதானமாக, மிகத் தெளிவாக ஒன்று சொன்னேன்: “நாளைக்கு நான் சொல்லாம யாரும் எதையும் செய்யாதீங்க. எல்லாம் இந்தப் பேப்பர்ல இருக்குது.” எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு எவ்வளவு பெருமை!

9.52க்கு மூன்றாவது முறை போன் செய்தேன். எனக்கு உதவிக்கு வந்திருந்த தோழி என் காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, ட்ராபிக்குங்களா?”

“ட்ராபிக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வந்துக்கிட்டே இருக்கறம்.”

“மோகனூர் ரோட்டுல ஆட்டு மந்தை குறுக்க வந்தாத்தான்டி ட்ராபிக்கு” என்றாள் தோழி மெதுவாக.

அப்போது போனுக்குள் ஒரு டவுன் பஸ் ஹாரன் கேட்டது. சினிமாப் பாட்டு மெட்டில் அடிக்கிற, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஹாரன். அதன் பிறகு மாமன் என்னவோ சொன்னார். நான் கேட்கவில்லை. ஏனென்றால் அதே பஸ், அதே மெட்டை அடித்துக்கொண்டு, எங்கள் மண்டப வாசலைத் தாண்டிப் போனது.

இடையில் இருபத்தைந்து நொடி. அந்தச் சாலையில் அந்தப் பஸ் நாற்பதுக்கு மேல் போகாது. முந்நூறு மீட்டர் கூட இல்லை.

“அக்கா!” என்று கத்தினேன். நான் பொதுவாகக் கத்துகிறவள் இல்லை. “உங்கண்ணன் எங்க நிக்கறாருங்க?”

அக்கா பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு வந்தார். “முக்குல, பிள்ளையார் கோயிலுகிட்டத்தான். சீர்த் தட்டோட அங்கதான நிப்பாங்க? நாம மேளத்தோட போயி அழைச்சாத்தான உள்ள வருவாங்க?”

“எத்தன நேரமா நிக்கறாங்க?”

“எட்டே முக்கால்ல இருந்துங்க.”

“அப்பறம் ஏன் நீங்க போகல?”

அக்கா கதவில் ஒட்டியிருந்த என் பேப்பரைக் காட்டினார். “நீங்க இன்னும் சொல்லலீங்களே.”

எனக்குத் தெரியாதா? என் காதுகுத்துக்கும் என் மாமன் அப்படித்தான் முச்சந்தியில் நின்று, மேளம் வந்து அழைத்த பிறகுதான் உள்ளே வந்தார். நான் போன ஒவ்வொரு விசேஷத்திலும் அப்படித்தான். ஆனால் கல்லூரியில் தந்த மாதிரி அட்டவணையில் ‘விருந்தினர் வருகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. விருந்தினர் என்பதை அடித்துத் தாய்மாமன் என்று எழுதினேன். வருகை என்பதை அப்படியே விட்டுவிட்டேன். அழைக்காமல் மாமன் வர மாட்டார். ‘வந்து கூப்பிடுங்கள்’ என்று தன் வாயால் சொல்லவும் மாட்டார். அக்கா வீட்டார் நான் சொல்லாமல் அசைய மாட்டார்கள். நானோ, எங்கே காணோம் என்று போன் செய்துகொண்டே இருந்தேன். முந்நூறு மீட்டரின் இந்த முனையில் மேளம் இட்லி சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்க, அந்த முனையில் ஒரு குடும்பமே தட்டும் கையுமாக நின்றிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. தோழி என் முதுகில் ஓர் அடி வைத்தாள். “சிரிக்கற நேரமாடி இது? மணி பத்தாகப் போகுது!”

மேடம் அருகில் வந்தார். அவர் சென்னைக்காரர். “என்னம்மா நடக்குது? இது உன் பிளான்ல இருக்கா?”

கதவில் இருந்த பேப்பரில் பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் ‘13-அ: தாய்மாமனை அழைத்து வருதல்’ என்று பேனாவால் எழுதினேன். “இப்ப இருக்குது மேடம்.”

சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு எல்லாம் தாம்பாளத்தில் ஏறின. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் முன்னால், மேளம் அதற்கு முன்னால், வாக்கி டாக்கியோடு நான் எல்லோருக்கும் முன்னால். மேளத்தின் நடைக்கு மேல் யாரும் நடக்கக்கூடாது. மேளமோ ஆனை நடை நடந்தது. நாதஸ்வரக்காரரிடம் கெஞ்சினேன்.

“கொஞ்சம் வேகமா வாசிங்கண்ணா.”

“வேகமா வாசிச்சா சனம் ஆடும் சாமி, நடக்காது.”

“பரவால்லீங்க, வாசிங்க.”

முச்சந்தியில் முப்பது பேர் இருந்தார்கள். காலடியில் காலி டீ கப்புகள் ஒரு குன்று. மாமன் வெள்ளை வேட்டியில் மலர்ந்த முகத்தோடு நின்றார். “இப்பத்தானுங்க வந்து இறங்குனோம்!” என்றார். அவர் மனைவி விடவில்லை. வெயிலில் நான் போட்டிருந்த கறுப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கறீங்க. எங்களத்தான் மறந்துபோட்டீங்களாட்ட இருக்குது?”

“மன்னிச்சுக்கோங்க அத்தை” என்றேன். அத்தை என்பது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவர் முகம் சட்டென்று இளகிவிட்டது.

நாதஸ்வரக்காரர் சொன்னது சரிதான். வேகமாக வாசித்ததும் சனம் ஆடியது. பத்தடிக்கு ஒரு முறை நின்று ஆடியது. சீர்த் தட்டோடு ஆடியது. ஒரு தட்டில் இருந்து ஆப்பிள் உருண்டு ஓட, என் தோழி கிரிக்கெட் ஆடுகிறவள் போலப் பாய்ந்து பிடித்தாள். முந்நூறு மீட்டருக்குப் பதினைந்து நிமிடம். மண்டப வாசலுக்குள் கால் வைத்தபோது 10.17.

தட்டுகளை இறக்கி, மாமனை மணையில் உட்கார வைத்து, குட்டியை அவர் மடியில் இருத்தும்போது 10.24. ஆசாரி முதல் காதைக் குத்தினார். குழந்தை ஒரு விநாடி திகைத்தது. அழுவதற்காக மூச்சை முழுக்க உள்ளே இழுத்தது. அந்த நேரம் பார்த்து, வளைவில் மிச்சமிருந்த ஒரே பலூன் வாசலில் வெடித்தது. குழந்தை அழுகையை மறந்து கைதட்டியது. அதற்குள் ஆசாரி அடுத்த காதை முடித்துவிட்டார். பிறகு இரண்டு காதுக்கும் சேர்த்து மண்டபம் அதிர அழுதாள். 10.26.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் எதையோ எழுதினார். வரி எண் 22, இரண்டாம் பந்தி, காத்திருந்தது. போனேன்.

கடைசிப் பந்தியில் அப்பாவுக்கு நானே ரசம் ஊற்றினேன். இலையைப் பார்த்தபடியே பேசினார்.

“நானே எந்திரிச்சுப் போயி அழைச்சுட்டு வரலாம்னுதான் இருந்தேன். உன்ற காயிதத்துல அதுக்கு ஒரு நேரம் போட்டிருப்பயின்னு உக்காந்துட்டேன்.”

“போடலீங்க.”

“தெரியுது.” ரசத்தைக் கலந்து ஒரு வாய் சாப்பிட்டார். “பாலத்துல கம்பி வெக்க மறந்திருந்தீன்னா என்ன ஆயிருக்கும்? இது மேளத்தோட போச்சு.”

அவர் பாராட்டினாரா என்று தோழியும் நானும் பஸ்ஸில் சேலம் போய்ச் சேரும்வரை விவாதித்தோம். முடிவு கிடைக்கவில்லை.

மதிப்பெண் மூன்று நாள் கழித்து வந்தது. நேரக் கட்டுப்பாடு: இருபதுக்கு எட்டு. அவசர நிலையைச் சமாளித்தல்: இருபதுக்குப் பத்தொன்பது. வாடிக்கையாளர் கருத்து: இருபதுக்கு இருபது. அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்ட அக்கா, கேட்காமலே ஒரு வரியும் எழுதியிருந்தார்: ‘அண்ணனுக்கு ரொம்ப சந்தோசம், ரெண்டு மடங்கு நேரம் ஆடினார்.’ மற்றவையும் சேர்த்து மொத்தம் நூற்றுக்கு எழுபத்தாறு. விடுதி அறையில் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். இம்முறை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

இப்போது சேலத்தில் அந்த நிறுவனத்தில் பயிற்சியில் இருக்கிறேன். நான்காவது மாதம் நடக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் வேலை உறுதியாகுமா என்று சொல்வார்கள். என் அட்டவணைகளில் ‘வருகை’ என்ற கட்டத்துக்கு முன்னால் ‘யார் போய் அழைக்க வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தேர்வு விண்ணப்பம் வீட்டு மேசை மேலேயே கிடக்கிறது. அப்பா அதை எடுக்கவும் இல்லை, நிரப்பச் சொல்லவும் இல்லை.