கண்டி வரை கேட்ட விளி

முட்டம் கரையில் முதன்முதலாகக் கடல் கடந்து படிக்கப் போனது எங்கள் வீட்டுப் பிள்ளை. என் அண்ணன். எனக்குச் செபப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும்தான் தெரியும். என்றாலும் அண்ணன் படிக்கப் போனதை யாரிடமும் நான் தலையைத் தாழ்த்திச் சொன்னதில்லை.

கூப்பிடுவதை நாங்கள் விளிப்பது என்போம். உச்சி வெயிலில் வெளியிலிருந்து யாராவது விளித்தால் முதல் விளிக்கு வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம். மனிதர் என்றால் மறுபடி விளிப்பார். மற்றது ஒரு தடவைதான் விளிக்கும். அம்மா சோற்றோடு இதையும் சேர்த்துத்தான் எங்களுக்கு ஊட்டினாள்.

அப்பா ஓர் ஆடி மாதம் கட்டுமரத்தில் போனவர், காற்று மாறிக் கரை சேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. கோயிலில் பூசை வைத்தார்கள். அம்மா அழவில்லை.

அண்ணன் பள்ளிக்கூடம் முடித்ததும், கொழும்பில் கருவாட்டுக்கடை வைத்திருந்த மாமா வந்தார். அம்மாவின் தம்பி அவர்.

"அக்கா, அங்க ரெண்டு வழி உண்டு. கண்டியில காலேஜுல சேந்தா சீமைப் பரீட்ச எழுதி உத்தியோகத்துக்குப் போலாம். கொழும்புல தொழில் பள்ளிக்கூடத்துல சேந்தா எஞ்சின் படிச்சு, சட்டுனு கப்பல்ல ஏறிரலாம்."

"கடல் தெரியாத எடம் எது?"

"கண்டி. மலையாக்கும்."

"அப்ப கண்டி."

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எஞ்சின் இருந்திருந்தா அப்பா அந்தக் காத்த எதுத்து வந்திருப்பாரும்மா."

"ஒரு ஆள கடலுக்குக் குடுத்தாச்சு. இனி குடுக்க எங்கிட்ட ஆள் இல்ல" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள், உச்சி வேளை. எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வாசலுக்கு எதிரே கடலோரப் பாறைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏலே மூத்தவனே."

அப்பா மட்டும்தான் அண்ணனை அப்படி விளிப்பார். அம்மாவின் கை அப்படியே நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் எச்சில் கையோடு எழுந்தான்.

"தா வாறேன்ப்பா."

மாமா சிரிக்கப் பார்த்தார். "எவனோ கேலி பண்ணுகான். உக்காரு மருமவனே." அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். பாறையில் ஆள் இல்லை. காக்கை இல்லை. அந்நியரைக் கண்டால் குரைக்கும் எங்கள் கறுப்பு நாய், வெறும் பாறையைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் அம்மா அவனைக் கண்டிக்கே அனுப்பினாள்.

முதல் விடுமுறைக்கு வந்தவன் பாதியாக இளைத்திருந்தான். சட்டையும் காலில் போட்ட சப்பாத்தும் நன்றாக இருந்தன, அதை ஊரே பார்த்தது. மதியம் சாப்பிடும்போது திடீரென்று வாசலைத் திரும்பிப் பார்த்து, "தா வாறேன்" என்றான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"யார்ட்டலே பேசுக?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பாட்ட. அங்கயும் தினம் விளிக்காரு. தேயிலைக் காட்டுக்குள்ள நின்னு விளிக்காரு. அந்த எடத்துல உப்பு மணக்குதும்மா."

அம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். பிறகு, அழைத்து வந்திருந்த மாமாவிடம் சொன்னாள். "தம்பி, இவன மத்த பள்ளிக்கூடத்துல சேத்துரு. எஞ்சினே படிக்கட்டு."

கொழும்பில் படித்து முடித்து, துறைமுகத்தில் எஞ்சின் படகு ஓட்டும் வேலையும் கிடைத்து, அண்ணன் அடுத்து வந்தபோது உடம்பு தேறியிருந்தது. உச்சி வேளையில் தலை நிமிராமல் இரண்டு தட்டுச் சோறு தின்றான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப விளிக்காரா?"

"இல்லம்மா. எஞ்சின்ல கை வச்ச அன்னைக்கே நின்னு போச்சு."

அம்மா தலையாட்டினாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். வெகுநேரம் திரும்பவில்லை. நான் வாசலுக்கு வந்தேன். நாய் அவளுக்கு முன்னால் ஓடிப் பாறையடியில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. கழுவாத தட்டோடு அவளும் அங்கே நின்றாள்.

எனக்குக் கடல் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு, மறு விளிக்குக் காத்திராமல், பாறையைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்கதான் நிக்கேன்."