அண்ணன் வீட்டுக் கமரா

சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்குப் பொருள்கள்மேல் ஒரு பற்று. அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளில் கடைக்காரன் சுற்றியிருந்த பொலித்தீனை அவர் பல வருடங்கள் கழற்றவே இல்லை. மழை நாளில் சேறு பட்டுவிடும் என்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்து வருவார். நாங்கள் சிரிப்போம்.

"சிரியாதையுங்கோ. அவன் பொருளின்ரை அருமை தெரிஞ்ச பிள்ளை" என்று அம்மா சொல்வார்.

பிறகு அண்ணன் கனடாவுக்குப் போனார். இரண்டு வேலை செய்து, சண்டையில் கூரை போன எங்கள் பழைய வீடு நின்ற காணியில் புது வீடு கட்டினார். எங்கள் ஊர் சரவணையில் அப்படி ஒரு வீடு அப்போது இல்லை. தேக்குக் கதவு, முகம் தெரியும் மாபிள் தரை, ஹோலின் நடுவில் சாய்ந்திருக்கப் பெரிய செற்றி. குடிபுகுதலுக்கு வந்தபோது, செற்றியின் பொலித்தீனை யாரும் கழற்றக் கூடாது என்றார். அம்மா வழக்கமாக இருக்கும் பிரம்புக் கதிரை வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று அதைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பெரிய அறைகளைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டார். போகும் முன் கேற்றிலும் விறாந்தையிலும் ஹோலிலும் கமரா பொருத்துவித்தார். கள்ளருக்காக என்றார்.

அங்கே இருந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலணையில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அம்மாவுக்கு அந்தக் கமரா பெரிய சந்தோஷமாக இருந்தது. மகன் அங்கிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று நினைத்தார். காலையில் முழுகி, நல்ல சேலை உடுத்தி, ஹோலுக்குள் போய் அண்ணாந்து சிரிப்பார். ஒருநாள் கூழ்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, இண்டைக்கு நண்டு போட்ட கூழ். நீ சாப்பிட்டிட்டியோ?"

அது படம் மட்டும்தான் காட்டும், பேச்சுக் கேட்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம் என் போன் அடித்தது. அண்ணன். அங்கே அவருக்கு இரவு. அம்மாவின் முகம் மலர்ந்தது. அம்மாவும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தேன்.

"உங்கை அம்மா கோப்பையோடை என்ன செய்யிறா?"

"உங்களுக்குக் காட்டுறா, அண்ணை."

"கூழ் சிந்தினால் மாபிளிலை கறை போகாது. குசினிக்கை வைச்சுக் குடிக்கச் சொல்லு."

அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அம்மா ஹோலுக்குள் போகவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் குசினிக் கதவால் இறங்கி, பின்வளவு வழியால் போவார். பகல் முழுவதும் பின்பக்கத்துப் பிரம்புக் கதிரையில் பனைகளைப் பார்த்தபடி இருந்தார். முன்னுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், "வேண்டாம், அவனுக்கு ஏன் கரைச்சல்" என்பார்.

அண்ணனின் அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. விறாந்தையில் நாய் படுத்திருந்ததற்கு எடுத்தார். கேற் பாதி திறந்திருந்ததற்கு எடுத்தார். மாதக்கணக்கில் அம்மா அந்தப் படங்களில் தெரியாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாரியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட ஏலாமல் வந்தது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்ணை மூடினார். செய்தி சொன்னபோது அண்ணன் வாய்விட்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை. லீவு தரமாட்டார்கள், வர ஏலாது என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"வெளியிலை கொட்டகை போட்டு வையுங்கோ. ஹோலுக்கை வேண்டாம். எண்ணெய், தண்ணி, சனத்தின்ரை கால்… தரை பழுதாப்போம்."

சத்தம் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வெளியிலை வைச்சால் உங்களுக்குக் கமராவிலை தெரியாது, அண்ணை. அம்மான்ரை முகத்தைப் பார்க்க வேணுமோ, வேண்டாமோ?"

"அப்ப செற்றியைத் தூக்கி வேறை இடத்திலை வைச்சுப்போட்டுச் செய்" என்றார்.

அப்படித்தான் அம்மா மறுபடியும் ஹோலுக்குள் வந்தார். காலையிலிருந்து பிரேதம் எடுக்கும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆட்கள் சுடலைக்குப் போன பிறகு நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவினோம். தரை காய முன்னமே போன் அடித்தது.

"குத்துவிளக்கு வைச்ச பக்கம் சுவரிலை கரி பிடிச்சுக் கிடக்கு. கண்டனியோ?"

பதில் சொல்லாமல் போனை நிறுத்தினேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வேலணையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நன்றி இல்லாதவள் என்று சொந்தக்காரர் எல்லாரிடமும் அண்ணன் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருடம் கோடையில் அவர் வந்தார். வந்திருக்கிறாரே என்று போய்ப் பார்த்தேன். பூட்டிக் கிடந்த அறைகள் திறந்திருந்தன. கட்டில் மெத்தைகள் இன்னும் பொலித்தீனுக்குள்ளேயே இருந்தன. அண்ணன் ஹோலில் பாய் விரித்துப் படுக்கிறார். குசினி அழுக்காகும் என்று கடைச் சோற்றை வாங்கி, பின்வளவில் குந்தியிருந்து சாப்பிடுகிறார். முழங்கால் வலியென்று சொல்லிக்கொண்டு, செற்றிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"இரு" என்று செற்றியைக் காட்டினார்.

"இல்லை, நிண்டு கதைக்கிறன்."

அவர் சுற்றிவரப் பார்த்தார். தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது.

"இதை நான் ஆருக்கெண்டு கட்டினனான், சொல்லு பாப்பம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாது, அண்ணை."

அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. வேலணைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.