பவளத்துக்குக் கவ்வாத்து

நடுவட்டத்து மலைப்பனிக்குள் கருவாடு வறுக்கும் வாசனை வருகிறது. எப்போதோ பார்த்த கடற்கரைகள் எனக்குள் கண் விழிக்கின்றன. பஸ் நின்றதும் என்னைக் கேட்காமலே கால்கள் டீக்கடைக்குள் நுழைகின்றன.

“தூத்துக்குடியிலிருந்து எம்மவ அனுப்புனதுங்க” என்கிறார் கடைக்கார அம்மா. புயலில் உடைந்த பவளப்பாறைகளை மறுபடி நட்டு வளர்ப்பது மகளின் வேலை. தீபாவளிக்கும் அவள் வரவில்லையாம். போனில் படம் காட்டுகிறார். மான்கொம்பாய்க் கிளைத்த பவளம்; இடுக்கெல்லாம் மீன்குஞ்சுகள். பக்கத்தில் பூசணிக்காய் போல ஓர் உருண்டைப் பவளம், கீறல்கூட இல்லாமல்.

“கொம்புதானுங்க ஒடையுது. எஸ்டேட்ல தேயிலைக்குப் பண்ற மாதிரி மட்டமாக் கவ்வாத்துப் பண்ணி வுடுடின்னேன். சிரிக்கறா!”

“வெட்டிட்டா குஞ்செல்லாம் எங்கம்மா ஒளியும்?”

“அவளும் அதையேதானுங்க சொல்றா. ஒடஞ்ச துண்டுலிருந்தே வெரசா வளந்துக்குமாம். ஒடையறதையே நட்டுட்டிருந்தா, அவ எப்பங்க ஊட்டுக்கு வர்றது?”

ஹாரன் அடிக்கிறது. டீயை விழுங்கிவிட்டு ஓடுகிறேன். படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல் எட்டுகிறது:

“ஏனுங்க, பொங்கலுக்குள்ள அந்தக் குஞ்செல்லாம் பெருசாயிருமுங்களா?”