பிரேமின் பேச்சைப் படித்த ஞாயிறு

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நஜிமாவைக் கொல்லிமலையில் தெரியாதவர்கள் குறைவு. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ஆதார் திருத்தம் என்று எது வேண்டுமானாலும் மலைக்காரர்கள் அவள் கடைப் படியை மிதித்துத்தான் ஆகவேண்டும். பிறந்தது கீழே சேந்தமங்கலத்தில். கணவர் அமீர் ஹம்சா மிளகு வியாபாரி. வாரம் முழுக்கக் கீழுக்கும் மேலுக்கும் அலைந்து அவருக்கு முதுகு போனபிறகு இங்கேயே வீடு பார்த்துக் குடியேறினார்கள். குழந்தை இல்லை. மழைக்காலத்தில் கரண்டு போய்க் கடை இருண்டு கிடக்கும்போது அவள் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். முதலில் பொழுது போவதற்காகப் படித்தாள். பிறகு, படிக்காமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

அப்படித்தான் செல்லமுத்து சார் பழக்கமானார். பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் காகிதம் நகலெடுக்க வந்தவர், கல்லாமேல் கவிழ்த்து வைத்திருந்த நாவலைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்தார். "இதையெல்லாம் படிக்கறீங்களாம்மா?" என்று ஆரம்பித்த பேச்சு, கடை மாடியில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வாசகர் கூட்டமாக வளர்ந்தது. ஆசிரியர்கள் வருவார்கள், வனத்துறை ஆபீசில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள், கவிதை எழுதும் காலேஜ் பெண்கள் வருவார்கள். அமீர் ஹம்சா கூட்டத்தில் உட்கார மாட்டார். சுக்குக் காப்பி மட்டும் மேலே வந்துவிடும்.

காசாவில் குண்டு விழ ஆரம்பித்த வருஷம், ஒரு கூட்டம் முழுவதையும் போருக்கு எதிரான கவிதைகளுக்கு ஒதுக்கலாம் என்று நஜிமாதான் சொன்னாள். போனில் தினமும் பார்க்கிற குழந்தைகளின் முகம் அவளைச் சோறு தின்ன விடவில்லை. கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. அவளும் ஒரு கவிதை எழுதிப் படித்தாள். படிக்கையில் குரல் உடைந்தது. கீழே இறங்கி வரும்போது, படிக்கட்டு வளைவில் நின்ற இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"அவங்க ஆளுங்க சாகறாங்கல்ல, அழுகை வரத்தான் செய்யும்."

யார் சொன்னது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த முகத்தைக் கடையில் தினமும் பார்க்க வேண்டி வரும். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் மிளகுச் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே, "விட்டுத் தொலை" என்றார். அடுத்த மாதம் அவள் உக்ரைனைப் பற்றியும் சூடானைப் பற்றியும் ஈழத்தைப் பற்றியும் எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். யாருக்கோ எதையோ நிரூபிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கே. அந்தக் கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரத்தில்தான் சென்னம்மாள் கடைக்கு வந்தாள். அரியூர் நாட்டுக்காரி; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. புருஷன் இல்லை. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் வைத்து மகளையும் மகனையும் ஆளாக்கியவள். மிளகை எப்போதும் அமீர் ஹம்சாவிடம்தான் போடுவாள் என்பதால் நஜிமாவுக்கு நல்ல பழக்கம். கூடவே மகள் தேன்மொழி. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தாயோடு காட்டு வேலை செய்பவள்.

"அம்மிணி, பிரேமு போட்டோ அனுப்பியிருக்கறான். பெருசாப் பண்ணிக் கண்ணாடி போட்டுக் குடுங்க" என்றாள் சென்னம்மாள். மூக்குத்தி வரைக்கும் சிரிப்பு.

தேன்மொழி போனை நீட்டினாள். பிரேமை நஜிமாவுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். ரஷ்யாவில் ஓட்டல் சமையலறையில் வேலை என்று சென்னை ஏஜெண்ட் ஒருவன் கூட்டிப்போயிருந்தான். படத்தில் பிரேம் பச்சைச் சட்டையும் தலைக்கவசமும் போட்டு நின்றான். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி. பின்னால் இலையில்லாத மரங்கள்.

"மிலிட்டரியில சேத்துட்டாங்களாம். பாருங்க, எம்பையன் எப்படி இருக்கறான்னு" என்றாள் தாய்.

நஜிமா படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்க அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. இரண்டு மாதமாகத் தான் படித்துக்கொண்டிருந்த போர் இப்போது தன் கடைப் பிரிண்டரிலிருந்து வெளியே வருவது போலிருந்தது. சென்னம்மாள் படத்தை முந்தானையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனபின், தேன்மொழியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணு, இது வேலை இல்ல. அங்க சண்டை நடக்குது. இவனைச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறாங்க."

"தெரியுங்கக்கா" என்றாள் தேன்மொழி. "எனக்கு மட்டும் தனியா வாட்ஸ்அப்புல பேசி அனுப்பறான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லியிருக்கறான். அதான் நான் ஊட்டுல வாயத் தொறக்கறதில்ல."

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் பேச்சுகளை இருவரும் கேட்டார்கள். அரியூர் நாட்டுப் பேச்சு மாறாமல் பேசியிருந்தான். சில இடத்தில் மூச்சு மட்டும் கேட்டது. அத்தனையையும் காகிதத்தில் எழுது என்று நஜிமா சொன்னாள். அவன் சொன்ன மாதிரியே எழுது, ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தாதே என்றாள். தேன்மொழி கடையின் மூலையில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதினாள்.

நஜிமா நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். மனு கொடுத்தாள். டெல்லிக்கு மெயில் அனுப்பினாள். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. ஏஜெண்டின் நம்பர் உபயோகத்தில் இல்லை. சந்தை மைதானத்தில் போர் எதிர்ப்புக் கூட்டம் ஒன்று நடத்தி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டால் அதிகாரிகள் ஒருவேளை அசைவார்கள் என்று நினைத்தாள். அனுமதி கிடைக்கவில்லை. மஃப்டியில் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து மரியாதையாகத்தான் பேசினார்.

"இலக்கியக் கூட்டம்னு சொல்றீங்க. போரு, எதிர்ப்புன்னு பேனர் அடிக்கறீங்க. யாரு யாரெல்லாம் வருவாங்கம்மா? கேக்கச் சொன்னாங்க, கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க."

அவர் வந்துபோன செய்தி அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவியது. மைதானம் இல்லையென்றால் கடை மாடியிலேயே, இரண்டாம் ஞாயிறு, தேன்மொழி எழுதியதைப் படிக்கலாம் என்று நஜிமா சொல்லியிருந்தாள். செல்லமுத்து சார் கடைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நஜிமாம்மா, நம்மளோடது புத்தகம் பேசற கூட்டம். வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு அரசாங்கச் சம்பளம் வாங்கறவங்க. அந்தப் பையனுக்காக வருத்தப்படறேன். ஆனா இதைக் கூட்டமா நடத்தணுமா?"

"சார், ரெண்டு மாசம் முன்னாடி போரைப் பத்திக் கவிதை படிச்சமே. அப்ப நீங்கதானுங்க தலைமை."

"அது எங்கியோ நடந்த போரு."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் ஞாயிறு அவர் வரவில்லை.

வந்தவர்கள் கொஞ்சம் பேர். காலேஜ் பெண்கள், ஜீப் ஓட்டுகிற ராசு, அரியூர் நாட்டிலிருந்து தேன்மொழியின் சொந்தக்காரர்கள் சிலர். அமீர் ஹம்சா அன்றைக்கு முதல்முறையாக மாடி ஏறி வந்து, கதவோரமாகச் சாய்ந்து நின்றார். தேன்மொழி நடுவில் எழுந்து நின்று படித்தாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது அவள் குரல் இல்லை, தம்பியின் பேச்சு.

"அக்கா, இங்க மண்ணு கருகருன்னு இருக்குது. நம்மூர்ல இப்படி மண்ணு இருந்தா கிழங்கு தொடை தண்டி வெளையும். இதுல நாள் பூரா குழி தோண்டச் சொல்றாங்க. நாங்க படுக்கறதுக்குத்தான் குழி. மேல வண்டு கத்தற மாதிரி ஒண்ணு கத்திட்டே இருக்குது. அது நம்மளத் தேடுதுன்னு சொல்றாங்க. கத்தறப்ப மூச்சு உடக்கூடாது. எங்கூட ஒரு நேபாளத்துக்காரப் பையன் இருந்தான், நேத்து வரைக்கும். அவன் பூட்ஸ இப்ப நான் போட்டிருக்கறன். எனக்குக் கொஞ்சம் பெருசு. அம்மாகிட்டச் சாப்பாடு நல்லா இருக்குதுன்னு சொல்லிரு."

படித்து முடித்ததும் ராசு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். நஜிமா அத்தனை வருஷத்தில் அந்த அறையில் கேட்ட எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது என்று நினைத்தாள். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள். ஒரு பையன் செத்துக்கொண்டிருக்கிறான், நான் இலக்கியம் பார்க்கிறேன்.

கூட்டத்தில் ஒரு பெண் அதைப் போனில் பதிவு செய்திருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் வாட்ஸ்அப்பில் போட்டாள். மலை முழுக்கச் சுற்றி, சேந்தமங்கலம், ராசிபுரம் வரை போனது. கேட்டவர்கள் அழுகிற பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் யாரும் வரவில்லை. ஆனால் அது சென்னம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது. சாப்பாடு நல்லா இருக்குதுன்னு சொல்லிரு என்பதையும் சேர்த்து அவள் கேட்டாள்.

அதே வாரம் பிரேமின் பேச்சு வருவது நின்றது.

ஒரு மத்தியானம் சென்னம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். செருப்பில்லை, தலை கலைந்து கிடந்தது. கடைக்குள் நகலெடுக்க வந்தவர்கள் இருந்தார்கள்.

"எம்பையன் பேசினத ஊரக் கூட்டிப் படிச்சீங்களாமா? அவன் அங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசியிருக்கறான். அத நீங்க மைக்கு வெச்சுக் கத்துனா அவங்க காதுக்குப் போகாதா? போனப் புடுங்கிட்டாங்க. உங்க கூட்டத்தாலதான் எம்பையன் பேச்சு நின்னு போச்சு!"

மைக் எதுவும் வைக்கவில்லை என்று சொல்ல நஜிமாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அப்படி இல்லை அக்கா என்றும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், அப்படி இல்லை என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி அன்றைக்கு அவளுக்குள் ஏறி உட்கார்ந்தது. கணவர் சமாதானம் சொன்னார், தேன்மொழி சொன்னாள், சண்டை நடக்கிற இடத்தில் டவர் இருக்காது என்று ராசு சொன்னான். அது இறங்கவில்லை.

அரியூர் நாட்டு மிளகு அந்தப் பருவம் வேறு வியாபாரிக்குப் போனது. ஒருவரும் அமீர் ஹம்சாவிடம் கோபமாக எதுவும் பேசவில்லை; வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மாடி அறை தனக்கு வேண்டும் என்று கட்டிடச் சொந்தக்காரர் சொன்னார். என்ன காரணம் என்று நஜிமா கேட்கவில்லை. அவரும் சொல்லத் தயாராக வந்த மாதிரி தெரியவில்லை.

மழை முடிகிற சமயத்தில் சென்னம்மாள் வீட்டுக்கு டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. பிரேம் காணாமல் போனவர்கள் கணக்கில் இருக்கிறான். அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், தாய் நாமக்கல்லுக்கு வந்து டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். தேன்மொழிக்குக் கடிதத்தின் மொழி புரியவில்லை, நஜிமாவிடம்தான் கொண்டுவந்தாள். "அம்மா உங்களக் கூப்பிடலைங்கக்கா. நான் கூப்பிடறேன். எனக்குத் தனியாக் கூட்டிட்டுப் போக பயமா இருக்குது" என்றாள்.

மூன்று பேரும் காலை பஸ்ஸில் மலை இறங்கினார்கள். சென்னம்மாள் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பின்னால் திரும்பவே இல்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி, பாதி வழியில் அவளுக்கு வாந்தி வந்தது. நஜிமாதான் எழுந்துபோய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். சென்னம்மாள் கையைத் தட்டிவிடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அவன் பேசினத இன்னொருக்கா கூட்டத்துல படிப்பீங்களா?"

எந்த எண்ணத்தில் கேட்கிறாள் என்று நஜிமாவுக்கு விளங்கவில்லை. "நீங்க வேண்டாம்னா படிக்க மாட்டமுங்க. படிக்கச் சொன்னா படிக்கறோம்."

"படிச்சா வந்துருவானா?"

"இல்லீங்கக்கா."

"அப்பறம் எதுக்குப் படிக்கறீங்க?"

பஸ் இன்னொரு வளைவில் திரும்பியது. நஜிமா பல வருஷமாகப் படித்த அத்தனை புத்தகத்திலும் தேடிப் பார்த்தாள். கையை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

நாமக்கல்லில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஊசி குத்தும்போது, "இத வெச்சு அவன் உசுரோட இருக்கறானான்னு தெரியுமா சாமி?" என்று அந்தத் தாய் நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள்.

அந்த ரத்தச் சோதனைக்கு இன்னும் பதில் வரவில்லை. உடலும் வரவில்லை. சென்னம்மாள் கண்ணாடி போட்ட படத்துக்கு மாலை போடவும் மாட்டேன் என்கிறாள், சுவரிலிருந்து எடுக்கவும் விடமாட்டேன் என்கிறாள். தேன்மொழி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது நஜிமா ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுத்து, எழுது கண்ணு என்றாள். "இனிமே எதுவும் எழுதத் தோணாதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

மாடியிலிருந்த புத்தகங்கள் மிளகுக் குடோனில் சாக்குகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அமீர் ஹம்சா அடியில் பலகை போட்டு, தார்ப்பாய் மூடி வைத்திருக்கிறார். கடைசியாக வாசகர் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் நஜிமா போட்ட செய்தி: இந்த மாதம் கூட்டம் இல்லை. செல்லமுத்து சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போர்கள் நடந்துகொண்டிருக்கின்றன. நஜிமா போனில் அவற்றைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள், கடைக்கு வருகிறவர்களுக்கு நகலெடுத்துக் கொடுக்கிறாள். வெளிநாட்டு வேலைக்கென்று பாஸ்போர்ட் படம் எடுக்க யாராவது பையன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் மட்டும், எந்த நாடு, என்ன வேலை, யார் கூட்டிப்போகிறார்கள் என்று விடாமல் கேட்கிறாள். சிலர் பதில் சொல்கிறார்கள். சிலர், "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.